பழைய செவர்லே பேனல் வண்டி: எந்த மாடல், எந்தத் தொழிற்சாலை?

செவர்லேயின் 'அட்வான்ஸ் டிசைன்' லாரி வரிசை 1947 ஜூனில் வந்தது, 1955 மார்ச் வரை ஓடியது. அதில் பேனல் வண்டி என்று ஒரு ரகம்: பின்பக்கம் முழுக்க மூடிய தகரக் கூண்டு, பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது, பின்னால் இரட்டைக் கதவு. அமெரிக்க நகரங்களில் கடைச் சாமான்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த வண்டிகளில் இதுவும் ஒன்று. இன்று விற்க வருகிறவர்கள் '1950 மாடல்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைக் கேட்டு உதிரிபாகம் வாங்கினால் பணம் வீண். அந்த எட்டு வருடமும் அடிப்படை உருவம் பெரிதாக மாறவில்லை. ஆகவே ஒரு வருடத்துக் கதவோ பானட்டோ இன்ஜினோ இன்னொரு வருடத்து வண்டியில் அதிகச் சிரமமில்லாமல் ஏறிவிடும். எழுபது வருடத்தில் அப்படி ஏறியும் இருக்கும்.

முதலில் டேப்பை எடுங்கள். சக்கரத்தை நேராக நிறுத்தி, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை அளக்க வேண்டும். 116 அங்குலம் வந்தால் அரை டன் வண்டி, அதாவது 3100 வரிசை. அதில் பேனலின் மாடல் எண் 3105. 137 அங்குலம் வந்தால் ஒரு டன் 3800 வரிசை, பேனல் 3805. சக்கர போல்ட்டையும் எண்ணிப் பாருங்கள்: 3100-க்கு ஆறு, 3800-க்கு எட்டு. பெயின்ட் எத்தனை முறை மாறினாலும் இந்த அளவு மாறாது.

அடுத்தது டிரைவர் பக்கக் கதவுக் கம்பத்தில் இருக்கும் தகடு. 1952 வரை அதன் அமைப்பு ஒன்று, 1953 முதல் வேறு. பழைய அமைப்பில் 5-எச்-பி-சி-1234 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம் (கோடுகள் படிக்க வசதியாக நான் போட்டவை). முதல் எண் தொழிற்சாலை: 1 பிளின்ட், 2 டாரிடவுன், 3 செயின்ட் லூயிஸ், 5 கான்சஸ் சிட்டி, 6 ஓக்லண்ட், 8 அட்லான்டா, 9 நார்வுட், 14 பால்டிமோர், 21 ஜேன்ஸ்வில். இரண்டாவது எழுத்து வருடம்: இ 1947, எஃப் 1948, ஜி 1949, எச் 1950, ஜே 1951, கே 1952. மூன்றாவது எழுத்து வண்டியின் வரிசை: பி என்றால் 3100, எஸ் என்றால் 3800. நான்காவது எழுத்து மாதத்தைக் குறிக்கும், ஏ ஜனவரியில் தொடங்கி எல் டிசம்பரில் முடியும். கடைசியில் அந்தத் தொழிற்சாலையின் வரிசை எண். அது 1001-இல் தொடங்கும். ஆக, இந்த வண்டி 1950 மார்ச்சில் கான்சஸ் சிட்டியில் இறங்கிய அரை டன்.

1953-இல் இந்த முறையை மாற்றினார்கள். எச்-53-கே என்று தொடங்கினால், இங்கே எச் வருடமல்ல, 3100 வரிசை, 53 வருடம், கே கான்சஸ் சிட்டி. மாத எழுத்து கிடையாது. 1953 வண்டியை 1950 என்று தவறாகப் படிக்க இந்த 'எச்' இடம் கொடுக்கும்.

தகட்டை மட்டும் நம்பிவிடவும் முடியாது. வெற்றுத் தகடுகள் புதிதாகவே விற்கின்றன. இடப்பக்க சேஸ் தண்டின் மேல் முகத்தில் அதே எண் குத்தப்பட்டிருக்கும்; கேபினுக்கு அடியில் மறைந்து கிடக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைப் பூசித் துடைத்தால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். கிரைண்டர் வைக்கவே வைக்காதீர்கள், எண்ணே போய்விடும். அந்தக் காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பதிவுப் பத்திரத்தில் இன்ஜின் எண்ணைத்தான் எழுதினார்கள். பத்திரமும் தகடும் ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே வண்டியைச் சந்தேகிக்க வேண்டாம். இன்ஜினில் குத்திய எண்ணோடு பத்திரத்தை ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தகடு இல்லாத வண்டி என்றால் உடம்பைத்தான் படிக்க வேண்டும். கதவு ஜன்னலில் சின்ன முக்கோணக் கண்ணாடி இருந்தால் கதவு 1951-க்கு முந்தியது அல்ல. கைப்பிடி கீழே திருகுவதா, பொத்தானை அழுத்துவதா? பொத்தான் 1952-இல் வந்தது. முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்த இரண்டு துண்டு என்றால் 1953 வரை, வளைந்த ஒற்றைக் கண்ணாடி என்றால் 1954 அல்லது 1955-இன் முதல் பகுதி. கிரில்லும் அப்போதுதான் ஐந்து கிடைக்கம்பியிலிருந்து தடித்த குறுக்குச் சட்டத்துக்கு மாறியது. 1954-ஐயும் 1955-ஐயும் பிரிக்க அடியில் படுத்துப் பாருங்கள்: அரை டன்னில் டிரைவ் ஷாஃப்ட் குழாய்க்குள் மூடியிருந்தால் 1954, திறந்திருந்தால் 1955. பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தை வைத்து வருடம் சொல்லும் வழி பிக்கப்புக்கு உரியது. சீட்டுக்குப் பின்னால் சுவரே இல்லாத பேனலுக்கு அது உதவாது.

பானட் பக்கத்துப் பெயர்ப்பலகையை அப்படியே நம்பாமல், பானட்டைத் தூக்கி உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். அடைத்த பழைய ஓட்டைகள் மேடாகத் தட்டுப்படும். இப்போதுள்ள பலகையோடு அவை பொருந்தாவிட்டால் பலகையோ பானட்டோ மாறியிருக்கிறது.

இன்ஜினில் வால்வு மூடியை மேலே நடுவில் இரண்டு நட்டு பிடித்திருந்தால் பழைய 216 கன அங்குலக் கொள்ளளவு இன்ஜினாக இருக்கலாம். விளிம்பில் நான்கு திருகு என்றால் 1954-இலும் அதற்குப் பிறகும் வந்த 235 ஆக இருக்கலாம். 216-இல் கனெக்டிங் ராடு பேரிங் வார்த்த பாபிட் (மென்மையான உலோகக் கலவை), எண்ணெய் அதற்குத் தெறித்துத்தான் போகும். இதை அறியாமல் நெடுஞ்சாலையில் விரட்டினால் ராடு தட்ட ஆரம்பிக்கும். பேரிங் செட் ஆர்டர் செய்வதற்கு முன்பே இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிளாக், ஹெட், கியர் பாக்ஸ் ஆகியவற்றில் வார்ப்புத் தேதி உண்டு: எழுத்து மாதம், அடுத்த எண் நாள், கடைசி இலக்கம் வருடம். சி-15-2 என்றால் மார்ச் 15, 1952. 1942-ஆகவும் 1962-ஆகவும்கூட இருக்கலாம் என்பதால் பாகத்திலேயே வார்த்திருக்கும் வார்ப்பு எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும். வார்ப்புத் தேதி வண்டி இறங்கிய மாதத்துக்குச் சற்று முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அந்தப் பாகம் பிறகு மாட்டியது.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால் மேலே சொன்ன தொழிற்சாலை எண்களை அதில் தேடாதீர்கள். காமன்வெல்த் நாடுகளுக்குப் போன செவர்லே லாரிகள் பல, கனடாவின் ஒஷாவாவிலிருந்து பிரித்த பாகங்களாகப் போய் அந்தந்த நாட்டில் பூட்டப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவும் 1928 முதல் 1954 வரை பம்பாய் சேவ்ரியில் வண்டிகளைப் பூட்டியது. இப்படி வந்தவற்றில் கூண்டை உள்ளூர்ப் பட்டறை கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. கூண்டுக்குள் மர உத்திரம் இருக்கிறதா, தகரம் ஆணியில் நிற்கிறதா வெல்டில் நிற்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, சேஸுக்கு ஒரு வருடம், கூண்டுக்கு ஒரு வருடம் எனத் தனித்தனியாகவே எழுதி வையுங்கள்.