61 வரவேண்டிய இடத்தில் 62

டிசம்பர் 5, 2023, செவ்வாய்

லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் புது ஸ்டேபிள் பதிப்பு வந்தால் வீட்டிலிருக்கும் பழைய மடிக்கணினியில் போட்டு, எல்.டி.பி. (லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட்) சோதனைத் தொகுப்பை ராத்திரி முழுக்க ஓடவிடுவது என் வழக்கம். நேற்று போட்டது 6.1.64. காலையில் பார்த்தால் கோப்பு முறைமைப் பக்கம் ஒரே ஒரு சோதனை விழுந்திருக்கிறது: பிரீட்வி03. 0-ஆம் இடத்தில் 61 எதிர்பார்த்தேன், இருப்பது 62 என்கிறது.

இரண்டும் பதினறும எண்கள். 61 என்றால் சின்ன 'ஏ', 62 என்றால் சின்ன 'பி'. சோதனை முதலில் 'ஏ'க்களால் ஒரு துண்டு எழுதும், அதை ஒட்டி 'பி'க்களால் இன்னொரு துண்டு எழுதும், பிறகு படித்துப் பார்க்கும். 'ஏ' இருக்கவேண்டிய முதல் இடத்தில் 'பி' உட்கார்ந்திருக்கிறது.

6.1.63-இல் பூட் செய்து திரும்ப ஓட்டினேன். தேறியது. ஆக, சோதனையைக் குறை சொல்ல வழியில்லை. வயிற்றில் ஏதோ பிசைகிறது.

டிசம்பர் 6, புதன்

ஒரு பிழையை அடுத்தவரிடம் கொண்டுபோவதற்கு முன் அதை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கவேண்டும். பெரிய சோதனைத் தொகுப்பைப் பதிவிறக்கி ஓட்டிப்பாருங்கள் என்றால் யாருக்கும் நேரமிருக்காது. ஒரே வரி என்றால் உடனே போட்டுப் பார்ப்பார்கள்.

தரவைத் துண்டு துண்டாக எழுதும் டிடி கட்டளையை எடுத்தேன். 4096 பைட் துண்டுகள் மூன்று, டைரக்ட் கொடியோடு. 12288 பைட் எழுதியாகிவிட்டது என்று டிடி சொல்கிறது. எல்எஸ் போட்டால் கோப்பின் அளவு 4096. மூன்று முறை எழுதியிருக்கிறது, மூன்றும் ஒரே இடத்தில்!

டைரக்ட் கொடியை எடுத்துவிட்டால் 12288 சரியாக வருகிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமை இருக்கும் பகுதியில் கொடியோடு ஓட்டினாலும் சரி. அப்படியென்றால் என் வட்டின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-உம் டைரக்ட் ஐ.ஓ.வும் சேரும் இடத்தில்தான் கோளாறு. கெர்னலின் பக்க நினைவகத்தைத் தாண்டி நேராக வட்டுக்கு எழுதுவது டைரக்ட் ஐ.ஓ. சாதாரண நிரல்கள் அந்த வழியில் போவதில்லை. எந்த இடத்தில் எழுதவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தாமே எண் கொடுத்து எழுதும் நிரல்களும் தப்பிக்கும். கெர்னல் வைத்திருக்கும் 'அடுத்த இடம்' என்ற குறியை நம்பி, வரிசையாக எழுதிக்கொண்டே போகிறவைதான் மாட்டும்.

என்னைப் பயமுறுத்தியது வேறு. கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டினேன், எல்லாம் சுத்தம். கெர்னல் பதிவிலும் ஒரு வரி இல்லை. கோப்பு முறைமையின் கணக்குப்படி தப்பே நடக்கவில்லை. தரவு மட்டும் போய்விட்டது.

டிசம்பர் 7, வியாழன்

6.1.63-க்கும் 64-க்கும் நடுவில் எக்ஸ்ட்4 அடைவைத் தொட்ட மாற்றங்களை மட்டும் வைத்து, எந்த மாற்றத்தில் கெட்டது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டினேன். நாலு தடவை கெர்னல் கட்டியதில் சிக்கிவிட்டது.

சிக்கிய பேட்ச் (நிரல் திருத்தம்) நல்ல பேட்ச் என்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வட்டில் பதிந்த பிறகே பதில் சொல் என்னும் ஓ_சிங்க் கொடியோடு கோப்பை டைரக்டாக நீட்டி எழுதும்போது, 'எழுதியாயிற்று' என்று சொல்வதற்கு முன் புது அளவும் வட்டில் பதிந்திருக்கவேண்டும், அடுத்த நொடி மின்சாரம் போனாலும் தொலையக்கூடாது என்பதற்காக எழுதியது. அதற்காக, முடிவில் அழைக்கப்படும் எக்ஸ்ட்4 செயல்கூறு இப்போது எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது. ஆனால் 6.1-இல் இருக்கும் பழைய ஐஓமேப் நிரல் (கோப்பு முறைமைகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஐ.ஓ. பகுதி) 0 வந்தால்தான் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும், அப்போதுதான் குறியை முன்னே நகர்த்தும். 4096 வந்தால் நகர்த்தாது. அந்த ஐஓமேப் பகுதி 6.5-இல் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை விட்டுவிட்டு இந்த பேட்ச் மட்டும் பழைய 6.1-க்குப் பின்னோக்கிக் கொண்டுவரப்பட்டு, அதாவது பேக்போர்ட் ஆகி வந்திருக்கிறது. துணை இல்லாமல் வந்த பேட்ச்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பதிப்பு எண்கள், டிடி வரி, பைசெக்ட் முடிவு எல்லாம் தயார். அனுப்புவதற்கு முன் தேடினால், விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. 5.15 கிளையின் சோதனையில் இதே பிரீட்வி03 விழுந்து, அதைத் துரத்தியதில் 6.1-இல் இது வெளியாகியே விட்டது தெரியவந்திருக்கிறது. எக்ஸ்ட்4-இல் நெடுநாளாக வேலை செய்யும் ஜான் காரா 5-ஆம் தேதியே எழுதிவிட்டார். படித்ததும் பெரிய நிம்மதி. என்னுடைய டிடி வரியை மட்டும் சேர்த்து அனுப்பினேன்.

டிசம்பர் 8, வெள்ளி

6.1.66 வந்தது. விட்டுப்போயிருந்த ஐஓமேப் மாற்றத்தையும் சேர்த்துவிட்டார்கள். கட்டி, ஓட்டி, பார்த்தேன்: 12288.

டிசம்பர் 9, சனி

எங்கள் அலுவலக சர்வர்களில் ஓடும் லினக்ஸ் தொகுப்பான டெபியனின் 12.3 வெளியாகவேண்டிய நாள். அதில் இருக்கும் கெர்னல் 6.1.64, டெபியனில் அதன் பெயர் 6.1.0-14. தொகுப்புகள் வழங்கிகளுக்குப் போய்விட்ட நிலையில் வெளியீட்டை நிறுத்தினார்கள். இப்போதைக்கு மேம்படுத்தவேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு அலுவலகத்துத் தம்பியின் போன்.

"அக்கா, அப்டேட் போட்டுட்டேன். இனிமே தான் ரீபூட் பண்ணணும்."

"பண்ணாத! அப்படியே விடு. யுனேம் போட்டு என்ன வருதுன்னு சொல்லு."

"6.1.0-13."

"சரி, பழசுதான் ஓடுது. இறங்கியிருக்கிற 14-ஐ எடுத்துடு. அது எடுத்தாச்சுன்னு பார்த்துட்டு எனக்குச் சொல்லு."

பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டுத் திரும்ப அழைத்தான். ஏன் என்று கேட்டான். 'ஏ', 'பி' கதையைச் சொன்னேன். "அப்போ பேக்கப் எல்லாம்?" என்றான். சரியான கேள்வி. எங்கள் பேக்கப் நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்து டைரக்ட் ஐ.ஓ. அணைத்திருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அணைத்துத்தான் இருந்தது. இருந்தாலும் பார்த்த பிறகுதான் என்னால் சாப்பிட முடிந்தது.

டிசம்பர் 10, ஞாயிறு

12.3-ஐத் தாண்டி நேராக 12.4 வந்துவிட்டது, 6.1.66 கெர்னலோடு. பெயர் 6.1.0-15. தம்பி ஒவ்வொரு சர்வராக ரீபூட் செய்து, ஒவ்வொன்றிலும் டிடி வரியை ஓட்டி, வந்த எண்ணை எனக்கு அனுப்பினான். 12288, 12288, 12288.

என் மடிக்கணினி மூன்று நாள் 6.1.64-இல் ஓடியிருக்கிறது. எந்தக் கோப்பு டைரக்டாக எழுதப்பட்டது என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. வட்டை அழித்து எக்ஸ்ட்4-ஐப் புதிதாகப் போட்டேன். ராத்திரி ஓடும் ஸ்கிரிப்டில் எல்.டி.பி.க்கு முன்னால் அந்த டிடி வரியைச் சேர்த்தேன். அளவு 12288 இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.