நான்கு முனைகள் ஒடிந்த பிறகு

கல்லடியில் வீட்டின் பின்கொட்டிலில் என் சிறிய சிஎன்சி இயந்திரம் (கணினி சொல்லும் வழியில் தானாக வெட்டுவது) இருக்கிறது. அலுமினியம் வெட்டும்போது ஒரே கிழமையில் 3 மில்லிமீற்றர் வெட்டுமுனைகள் நான்கு ஒடிந்தன. பயத்தில் முனை நகரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன், அதுதான் பிழை. மெதுவாகப் போனால் முனை சீவாது, உரசும். சூட்டில் அலுமினியம் இளகி அப்பிக்கொள்ளும். நான்காவது முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: சீவல் வெளியேற வேண்டிய சுருள்பள்ளம் முழுவதும் ஈயம் வார்த்ததுபோல் அடைத்திருந்தது.

இப்போது ஒற்றைப் பல் (ஒரே வெட்டு விளிம்பு) உள்ள, மிகக் கடினமான கார்பைட் முனை, நிமிடத்துக்கு 12,000 சுற்று, 360 மில்லிமீற்றர் நகர்வு. அதாவது சுற்றுக்கு 0.03 மில்லிமீற்றர் சீவல். ஒரு தடவைக்கு வெட்டும் ஆழம் 0.2 மில்லிமீற்றர் தான். செங்குத்தாக அல்ல, சரிவாக இறக்குகிறேன். தூரிகையால் சிறிது மண்ணெண்ணெய் தடவுகிறேன். சீவல்களைக் காற்றால் ஊதித் தள்ளுவதை மட்டும் விடவே கூடாது. வெட்டிய பள்ளத்தில் கிடக்கும் சீவலை மீண்டும் கடித்தால் முனை போய்விடும். நேற்று மூன்று மணி நேரம் ஓடியது. முனை அப்படியே இருக்கிறது!