கலங்கல் வழிவதற்கு முன்

செப்டம்பர் 19, 2024

புரட்டாசி பிறந்துவிட்டது. மீன் வாங்குவோர் குறைந்ததால் வலை போடுவோரும் ஏரிக்கு அபூர்வமாகவே வருகிறார்கள். வேறு எந்த ஆண்டிலும் இதை ஏரிக்குக் கிடைத்த ஓய்வு என்று எண்ணி மகிழ்ந்திருப்பேன். இந்த ஆண்டு மகிழ முடியவில்லை. இன்று காலை பெரியவர் மட்டும் வீச்சு வலையுடன் வந்திருந்தார். வலையில் விரால் இல்லை, கெண்டை இல்லை, ஜிலேபிகூட இல்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும், உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்திய டேங்க் கிளீனர் மீன்கள் மட்டுமே, முதுகு முள்ளையும் பக்க முட்களையும் விறைத்துக்கொண்டு, வலைக்கண்களில் சிக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் விடுவிக்க அவர் வலை நரம்பைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. விற்க முடியாத மீனுக்காக வலை வீணாகிறது என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

செப்டம்பர் 20

படகுத்துறைக்கு வடக்கே, நீர் இறங்கிய கரையில், வரிசையாக வளைகள் தெரிகின்றன.

செப்டம்பர் 22

காலை முழுவதும் அந்த வளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் டேங்க் கிளீனர் கரையின் களிமண்ணைக் குடைந்து சாய்வாக உள்ளே இறங்கும் சுரங்கம் ஒன்றை அமைக்கிறது. அது ஒரு மீட்டருக்கு மேலும் நீளக்கூடும். பெண் மீன் அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போனபின், குஞ்சு பொரியும்வரை ஆண் மீன் வாசலை விட்டு அகலாமல் காவல் காக்கிறது. நம் விராலும் தன் குஞ்சுகளை விடாமல் காக்கும் மீன்தான். ஆனால் அது திறந்த நீரில், நீர்க்காகத்தின் கண்ணெதிரே செய்ய வேண்டிய வேலையை இந்த மீன் இருட்டுக்குள் பத்திரமாகச் செய்துகொள்கிறது. இந்தக் கரையோ வெறும் மண்கரை. மேலே நடைபாதைக்குக் கல் பதித்து, விளக்குக் கம்பம் நட்டு, முதியோர் அமர இருக்கை போட்டிருக்கிறார்கள். அடியில் மண்ணை இப்படிக் குடைந்துகொண்டே போனால், நீர் ஏறி இறங்கும் ஒரு பருவத்திலேயே அந்தப் பகுதி சரியத் தொடங்கும். மாலையில், ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் கலங்கலுக்குச் சென்று பார்த்தேன். நீர்மட்டம் விளிம்புக்கு வெகு கீழே இருக்கிறது.

செப்டம்பர் 25

கொளத்தூருக்குச் சென்று வண்ணமீன் கடைகளில் நெடுநேரம் நின்றேன். விரல் நீளக் குஞ்சுகள் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தன. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள், அது பொய்யல்ல. தென்னமெரிக்க ஆறுகளிலும் இது பாசியையும் அடிமண்ணில் மக்கிக் கிடப்பதையும் தின்றுதான் வாழ்கிறது. ஆனால் அரை மீட்டர் வரை வளரக்கூடியது, பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதை நான் நின்றிருந்த நேரத்தில் யாரும் யாரிடமும் சொல்லக் கேட்கவில்லை. இரண்டடித் தொட்டி வைத்திருக்கும் குடும்பம் அந்த மீனை என்ன செய்யும்? கொல்ல மனம் வராது. குப்பையில் எறியவும் மனம் வராது. வாளியில் எடுத்துக்கொண்டு ஏரிக்குத்தான் வரும்.

செப்டம்பர் 26

எதிர்வீட்டுக் குழந்தையின் தொட்டியிலும் ஒன்று இருக்கிறது. அதன் அப்பா அமாவாசையன்று ஏரியில் விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 29

நீர்க்காகம் ஒன்று கையளவு டேங்க் கிளீனரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. விழுங்க முயன்று, புரட்டிப் பார்த்து, மறுபடியும் முயன்று, கடைசியில் விட்டுவிட்டது. விட்டுவிட்டதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் இந்த மீன் தொண்டையில் சிக்கி இறந்திருக்கின்றன. நம் ஏரிகளுக்குக் கூழைக்கடாக்கள் வருகின்றன என்பதை நினைக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

அக்டோபர் 2

மகாளய அமாவாசை. விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் மிதிபடகுக்கு நீண்ட வரிசை. தர்ப்பணம் முடித்தவர்கள் கரையில் நின்று மீன்களுக்குப் பொரி போட்டார்கள். நடுவயதுத் தம்பதியர் மூடியிட்ட வாளியுடன் படிகளில் இறங்குவதைக் கண்டு ஓடினேன். தங்கமீன்களும், அவற்றுக்கு அடியில் ஒரு டேங்க் கிளீனரும் இருந்தன. உயிரை வாழவிடுவது பாவமா அம்மா என்று அந்தப் பெண்மணி கேட்டார். அவர் கேட்டது உண்மையான கேள்வி. அவர் முகத்தில் துளிகூடக் கபடம் இல்லை. இந்த நீரில் ஏற்கெனவே வாழும் உயிர்களுக்கும் அதே இரக்கம் சேர வேண்டும் என்றும், விராலின் குஞ்சுக்கும் குறவையின் முட்டைக்கும் நம்மை விட்டால் பரிந்து பேச ஆளில்லை என்றும் சொன்னேன். அவர்கள் வாளியை மூடி எடுத்துச் சென்றார்கள். ஆனால் நான் நிற்காத படிகள் இந்த ஏரிக்கு இன்னும் எத்தனையோ உள்ளன.

அக்டோபர் 3

எதிர்வீட்டு மீன் என் வீட்டுப் பின்புறத்துச் சிமெண்டுத் தொட்டிக்கு வந்துவிட்டது. குழந்தை தினமும் வந்து பார்க்கலாம் என்பது ஒப்பந்தம்.

அக்டோபர் 6

பிடித்த மீன்களைக் கரையில் எறிந்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. இது காற்றை விழுங்கி இரைப்பை வழியாகச் சுவாசிக்கும் மீன். ஈரம் இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். நேற்று ஒரு சிறுவன், பாவம் துடிக்கிறதே என்று, கரையில் கிடந்த மீன்களைக் குச்சியால் நீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். பெரியவரும் நானும் இப்போது பிடிபட்டவற்றையெல்லாம் கூடையில் சேர்த்துத் தென்னைக்கு அடியில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைக்கிறோம். சமைக்கலாமே என்கிறார்கள். அமேசான் கரையில் இதைத் தின்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் தலையும் தகடும் போனால் மிஞ்சும் சதை சிறிது, அதுவும் கழிவுநீர் கலக்கும் ஏரியின் அடிமண்ணைத் தின்று வளர்ந்த சதை. நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்டோபர் 8

ஜிலேபியைப் பற்றிப் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மீன், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்றதும் அவர் நம்ப மறுத்தார். அவருடைய தந்தையும் அதைத்தான் பிடித்தாராம். முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் அந்த மீன் நம் குளங்களில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை இன்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. அது இல்லாத ஏரியைப் பார்த்தவர்களே மறைந்துவிட்டார்கள். இப்போது அந்த ஜிலேபியும் பின்வாங்குகிறது. மெக்சிகோவின் இன்பியர்னியோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபியை நம்பி வாழ்ந்த மீனவர்களின் வலைகளை இந்த டேங்க் கிளீனர்தான் நிரப்பியது. அந்நாட்டிலேயே மிகப்பெரிய நன்னீர் மீன்பிடிப்பாக இருந்தது அங்கே சரிந்துபோனது. கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலங்களிலும் இது பரவியிருக்கிறது. வங்கதேசம் 2023-இல் இதைத் தடைசெய்துவிட்டது. இன்னும் ஒரு தலைமுறை கழித்து இதையும் நம் ஊர் மீன் என்று ஒரு குழந்தை சொல்லக்கூடும் என்ற எண்ணத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 9

இந்த மீன்களைப் பற்றி நான் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை.

அக்டோபர் 11

கலங்கலில் கம்பிவலை அடிக்க வேண்டும் என்று இத்தனை நாட்களாக நான் சொல்லிவந்ததைப் பெரியவர் இன்று பொறுமையாக மறுத்தார். முதல் மழையிலேயே ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் வலையில் அடைந்துகொள்ளும். வெளியேற வழியில்லாத நீர் கரையோரத் தெருக்களுக்குள் புகும். 2015 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. அவர் சொல்வது சரி. ஆயினும் கலங்கலைத் திறந்தபடி விட்டால், உபரி நீர்க் கால்வாய் வழியாக இந்த மீன்கள் கீழ் ஏரிக்குப் போகும். அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கு வரவாக வேண்டும் என்று முன்னோர் வகுத்த அமைப்பு முழுவதும் இந்த மீனுக்குப் பாதையாகிவிடும். இரும்புச் சட்டம் பொருத்திய வலையைக் கலங்கலுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, மழை நேரத்தில் ஆட்கள் முறைவைத்து நின்று குப்பையை அள்ளிக்கொண்டே இருந்தால் முடியும் என்பது அவருடைய யோசனை. ஆட்களுக்கு எங்கே போவது?

அக்டோபர் 12

நடைப்பயிற்சிக்கு வருபவர்களில் சிலர் முறைவைத்து நிற்க ஒப்புக்கொண்டார்கள். கல்லூரி மாணவர்கள் இருவரும் வருகிறார்கள். நேற்றிரவு சரியாகத் தூங்காததுகூட இன்று தெரியவில்லை.

அக்டோபர் 14

கனமழை எச்சரிக்கை. பள்ளிகளுக்கு நாளை விடுமுறை. இரும்புச் சட்டம் வெல்டிங் கடையில்தான் இருக்கிறது; மின்சாரம் இல்லை என்கிறார்கள். பின்புறத்துச் சிமெண்டுத் தொட்டி நிரம்பி வழிந்தால் மழைநீர் வடிகாலுக்குள்தான் போகும் என்பது மாலையில்தான் உறைத்தது. பாதி நீரை இறைத்துவிட்டு, மேலே வலைத்துணி இட்டு, நான்கு பக்கமும் செங்கல் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 15

விடியற்காலையிலிருந்து விடாத மழை. கலங்கலின் விளிம்புக்கு இன்னும் இரண்டு சாண் இருக்கிறது. சட்டம் வரவில்லை. மாணவர்கள் வந்து, குடையின்றி நின்று, ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போடுகிறார்கள். பதினொரு மணிக்குப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். கால்வாயில் நீர் இன்னும் இறங்கவில்லை; ஆனால் கீழ் ஏரியில் அவருடைய மைத்துனர் போட்ட வலையில் அதே மீன் இரண்டு வந்திருக்கிறதாம். நீளம் எவ்வளவு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. புதைத்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அளந்து பார்த்தால் அவை அங்கே வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். மழை சற்றுக் குறைந்ததும் புறப்பட வேண்டும்.