பதினேழில் தொடங்கும் அளவுகோல்

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. சிறார் மனச்சோர்வின் தீவிரத்தையோ பேசியும் பார்த்தும்தான் மதிப்பிட வேண்டியிருக்கிறது. அதற்கென மனநல மருத்துவர் எல்வா போஸ்னான்ஸ்கியும் உடன் பணியாற்றியோரும், பெரியவர்களின் மனச்சோர்வை மதிப்பிடும் ஹாமில்டன் அளவுகோலை முன்மாதிரியாகக் கொண்டு 1979இல் வெளியிட்ட சிறார் மனச்சோர்வு மதிப்பீட்டு அளவுகோல், பின்னர் திருத்தப்பட்டு (CDRS-R), இன்று மருந்து ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுகிறது.

இதில் 17 கூறுகள் உள்ளன. பள்ளிப் படிப்பு, விளையாட்டில் ஆர்வம், தூக்கம், எரிச்சல், குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம் போன்ற 14 கூறுகளைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் பேசி மதிப்பிடுகிறார்கள். சோர்ந்த முகம், உயிரற்ற பேச்சு, மந்தமான அசைவு ஆகிய மூன்றையும் கேள்வியின்றி, நேரில் கவனித்தே குறிக்கிறார்கள். சொல்லத் தெரியாத குழந்தையின் முகத்துக்கும் மதிப்பெண்ணில் இடம் தந்திருப்பதையே இந்த அளவுகோலின் சிறப்பாக நான் கருதுகிறேன்.

ஒவ்வொரு கூறுக்கும் குறைந்தது 1 என்பதால், மொத்த மதிப்பெண் 17 முதல் 113 வரை அமையும். பொதுவாக 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்றும், சிகிச்சைக்குப் பின் 28 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அறிகுறிகள் பெரும்பாலும் தணிந்துவிட்டன என்றும் கொள்கிறார்கள்.

நான் நெடுநாள் தவறாகப் படித்தது இங்கேதான். எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கும் 17 கிடைப்பதால், 60இலிருந்து 30க்கு இறங்கியதைப் பாதியளவு முன்னேற்றம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டிலும் 17ஐக் கழித்தால் 43 என்பது 13 ஆகியிருக்கிறது, அதாவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருக்கிறது.