எபிலெப்சி ஃபெலோஷிப்: ஒரு கையெழுத்துக்காகப் போன ஆறு மாதம்

எபிலெப்சி, அதாவது வலிப்பு நோய்க்கான மேற்பயிற்சி இடத்துக்கு இன்டர்வியூ. காலை எட்டரை மணிக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜைக்கு முன்னால் நின்றேன். ஒன்பதே காலுக்கு வெளியே வந்துவிட்டேன். இன்டர்வியூ நடக்கும் அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வெளிமாநிலத்துக்குப் போனது அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான்.

அவர்கள் கேட்டது நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. என்னிடம் இருந்தது துறைத் தலைவர் கையெழுத்திட்டது. இதில் எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. கிளம்புவதற்கு முன் எங்கள் ஆபீஸில் இரண்டு தடவை கேட்டேன். "ஹெச்ஓடி சைன் போதும் மேடம், எல்லாரும் அதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று தலை நிமிராமல் பதில் வந்தது. நம்பிவிட்டேன். அங்கிருந்து போன் போட்டு, டீன் கையெழுத்தோடு ஒரு ஸ்கேன் அனுப்ப முடியுமா என்று கெஞ்சினேன். டீன் மீட்டிங்கில் இருந்தார். அப்புறம் செக்‌ஷனில் யாரும் போனை எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே திரும்பி ரயில் ஏறினேன். அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துதான். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

அவ்வளவு தூரம் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். நரம்பியல் மேற்படிப்பான டிஎம்மில் இரண்டாம் வருடம் முடியும்வரை நான் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) எடுப்பேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எனக்கும் அதுதான் எண்ணம். பக்கவாதம் வந்த நாலரை மணி நேர விண்டோவுக்குள் ஒருவர் வந்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, விடியும்போது கையைத் தூக்கிக் காட்டினால் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. 2015இல் த்ராம்பெக்டமி (மூளை ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் குழாய் விட்டு எடுப்பது) ஆய்வுகள் ஐந்து வரிசையாக வந்தபிறகு அந்தத் துறையின் முகமே மாறிவிட்டது. சென்னையில் வேலைக்கும் பஞ்சமில்லை. "ஸ்ட்ரோக் பண்ணு, இன்டர்வென்ஷனும் கத்துக்கோ, லைஃப் செட்டில்" என்று சீனியர் அண்ணா ஒருவர் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். வீட்டில் மாமியாருக்கு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும் போனைப் பற்றிக் கவலை.

என் மனதை மாற்றியது ஓபியில் வந்த ஒரு பெண். பத்தொன்பது வயது, கல்லூரி மாணவி. மூன்று வருடமாக ஃபிட்ஸுக்கு கார்பமாசெபின் மாத்திரை சாப்பிடுகிறாள், நிற்கவில்லை. மருந்தைக் கூட்டக் கூட்ட மோசமாகிறது என்றார் அவள் அம்மா. காலையில் எழுந்ததும் எப்படி இருப்பாள் என்று கேட்டேன். "அத ஏன் கேக்குறீங்க மேடம், காபி டம்ளர் கையில நிக்காது, வெடுக்குன்னு பறந்துடும். தூக்கக் கலக்கம்னு நாங்க திட்டுவோம்" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருடத்தில் அந்த டம்ளரைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியில் லைட் அடித்துப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாலிஸ்பைக் என்ற கூரான அலைக்கொத்து வரிசையாக வந்தது. ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி, இளவயதில் தொடங்கி கை கால் வெடுக்கென்று உதறும் வலிப்பு வகை. கார்பமாசெபின் அந்த வெடுக்கை அதிகப்படுத்தக் கூடிய மருந்து. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும் வயது, அதனால் கருவைப் பாதிக்கக் கூடிய வால்ப்ரோயேட்டைத் தவிர்த்து லெவெடிராசெட்டம் என்ற மருந்தைத் தொடங்கினோம். இரண்டு மாதம் கழித்து அம்மாவும் பெண்ணும் வந்து, டம்ளர் விழவில்லை என்று சொன்னார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன்பிறகு இஇஜி அறையில் உட்கார ஆரம்பித்தேன். பேஷன்ட் தலையில் இருபத்தோரு எலெக்ட்ரோடு, எனக்கு முன்னால் பக்கம் பக்கமாக அலைகள். கூடப் படித்தவர்களுக்கு அது தூக்கம் வரும் வேலை. எனக்கு மணி போவது தெரியாது. எந்தத் துறையை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். பெரிய கேஸ் வரும் நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமை மதியம் அந்த அறையில் இருக்கப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ஃபெலோஷிப் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புரொஃபசரிடம் பேசுவதைவிட இப்போது அங்கே பயிற்சியில் இருக்கும் ஃபெலோவிடம் பேசுவது முக்கியம். வாரத்துக்கு எத்தனை வீடியோ இஇஜி (அலையோடு வீடியோவும் சேர்த்துப் பதிவது) நீங்களே படிக்கிறீர்கள், சர்ஜரி மீட்டிங்கில் உங்களைப் பேச விடுகிறார்களா, இல்லை ஜெனரல் நியூராலஜி டியூட்டிக்கு ஆள் குறைவதற்காக எடுத்தார்களா என்று நேராகக் கேளுங்கள். ஒரு ஃபெலோ அக்கா என்னிடம் உண்மையைச் சொன்னதால் ஒரு இடத்தைத் தவிர்த்தேன். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா போன்ற இடங்களில் டிஎம்முக்குப் பிறகான ஒரு வருட ஃபெலோஷிப் இருக்கிறது. ஸ்ரீசித்ராவில் எபிலெப்சி சர்ஜரி 1995இல் இருந்து நடக்கிறது. தனியார் மருத்துவமனைகளிலும் நல்ல இடங்கள் உண்டு. ஆனால் எல்லா ஃபெலோஷிப் சான்றிதழையும் மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியாது. விசாரித்துக்கொண்டு சேருங்கள்.

சரி, இரண்டாவது முயற்சி. பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்து, அதே மருத்துவமனையில் சீனியர் ரெசிடென்ட்டாக இருந்தேன். இந்தத் தடவை அறிவிப்பு வருவதற்கு முன்பே என்ஓசிக்கு எழுதிக்கொடுத்தேன். ஒன்பது நாள் "ஃபைல் மேல போயிருக்கு" என்ற ஒரே பதில். பத்தாவது நாள் தபால் செக்‌ஷனுக்கே போய்ப் பார்த்தால் என் கடிதம் பதிவாகவே இல்லை. வேறொரு ஃபைலுக்குள் மடங்கிக் கிடந்தது. அங்கிருந்த ஒரு அம்மா அதை எடுத்துப் பதிந்து, இன்வர்ட் நம்பரை, அதாவது கடிதம் வந்ததற்கான பதிவு எண்ணை, துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தார். நம்பர் கையில் வந்ததும் பேச்சே மாறிவிட்டது. "என் லெட்டர் என்னாச்சு" என்று கேட்டால் பதில் வராது, நம்பரைச் சொன்னால் ரெஜிஸ்டரைத் திறந்தே ஆக வேண்டும். மூன்றாம் நாள் டீன் கையெழுத்து வந்தது.

அடுத்த சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், கவுன்சில் பதிவில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளியூர்ப் படிவத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கும், அங்கே மாட்டிக்கொள்வோம். மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அஃபிடவிட் வேண்டும். டியூட்டி முடிந்து மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் ஒரு நோட்டரியிடம் வாங்கினேன். அவர் டைப் செய்ததில் என் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்ததால் தப்பித்தேன். படிக்காமல் சீல் போட விடாதீர்கள்.

இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கினேன். மேஜையில் அதே ஆள். என்ஓசியில் டீன் சீலைப் பார்த்தார், அஃபிடவிட்டைப் பார்த்தார், ஃபைலை மூடி உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே திரையில் ஓர் இஇஜி காட்டினார்கள். டெம்போரல் (நெற்றிப்பொட்டு) பக்கம் கூர் கூராக அலைகள், பேஷன்ட் அரைத் தூக்கத்தில். விக்கெட் வேவ்ஸ், நார்மல் வேரியன்ட், வலிப்பு போலத் தெரிந்தாலும் நோயில்லாதவர்களுக்கும் வரும் அலை, இதை வைத்து மருந்து தொடங்க மாட்டேன் என்றேன். தலைவர் சிரித்தார். ஒரு வாரத்தில் பட்டியல் வந்தது, என் பெயர் இருந்தது, இனிஷியலோடு.

சேரும் நாளில் ரிலீவிங் ஆர்டர், அதாவது பழைய வேலையிலிருந்து விடுவித்த உத்தரவு, கேட்பார்கள். அதற்கான கடிதத்தைப் போன திங்கட்கிழமையே கொடுத்து, இன்வர்ட் நம்பரும் வாங்கி வைத்துவிட்டேன்.