கம்பியை எவ்வளவு முறுக்குவது?

போன சனிக்கிழமை முழுக்க, தென் இங்கிலாந்தின் ஹாம்பிள் ஆற்றில் கட்டியிருக்கும் எங்கள் 31 அடிப் பாய்மரப் படகில், பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகளோடுதான் போனது. பக்கத்துக் கடல் நீரிணையான சொலண்டில் காற்றை எதிர்த்துப் போகும்போது படகு கொஞ்சம்தான் சாய்ந்திருக்கும், அதற்குள் காற்று படாத பக்கத்து ஷ்ரௌட் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) தொளதொளவென்று ஆடும். நானும் மூன்று வருஷமாகக் கையால் தட்டிப் பார்த்து, இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இழுவை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். இரண்டு மீட்டர் மடக்கு அளவுகோலின் மேல் முனையை மட்டும் கம்பியோடு டேப் போட்டு ஒட்டி, கம்பி தளர்வாக இருக்கும்போதே கீழ் முனைக்கு நேரே ஒரு குறி. 19 இழை எவர்சில்வர் கம்பி அந்த நீளத்தில் 1 மி.மீ. நீண்டால், அறுபடும் பளுவில் சுமார் 5 சதவீத இழுவை. தடிமன் எதுவானாலும் இதே கணக்கு. மேல் ஷ்ரௌடுகளுக்கு 3 மி.மீ., அதாவது 15 சதவீதம் வைத்தேன். வலப்பக்கத்தை முறுக்கினால் இடப்பக்கமும் சேர்ந்து இறுகும் என்பதால் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு டர்ன்பக்கிளில் (கம்பியை இறுக்கும் திருகு) அரைச் சுற்று. பொறுமை போய்விட்டது.

அப்புறம் பாய்மரத்தின் அடியில் கன்னத்தை வைத்து, பாய் ஏறும் காடி வழியே மேலே பார்த்தால் நடுவில் இடப்பக்கமாக ஒரு வளைவு! கீழ் ஷ்ரௌடைச் சரிசெய்ததும் நேரானது. டர்ன்பக்கிள் சுழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்கள் எல்லாம் புதிது. பழையதை நிமிர்த்தி மறுபடி போடும் கஞ்சத்தனம் இங்கே ஆகாது, அது உடைந்து விழுந்தால் டர்ன்பக்கிள் தானாகக் கழலும்.

மறுநாள் 15 டிகிரி சாய்விலும் கம்பி ஆடவில்லை. முன்பக்கக் கம்பியான ஃபோர்ஸ்டேதான் இன்னும் தொய்கிறது, அதை எதிர்ப்பக்கம் இழுக்கும் பின்பக்கக் கம்பி பேக்ஸ்டேயை அடுத்த வாரம் பார்க்கணும்.