முழு அத்தியை வெட்டாமல் காயவைத்தல்: தோல் தகராறு தீர்ந்தது

மேலே வற்றல், உள்ளே ஜாம். முழு அத்திப்பழத்தை வெட்டாமல் காயவைத்தால் வழக்கமாக மிஞ்சுவது இதுதான். இந்தக் கோடை ஈட்டில் அது நடக்கவில்லை. நடுவில் வெட்டிப் பார்த்தால் ஓரம் முதல் மையம் வரை ஒரே பதம்.

வேலூரில் வெயில் போதாமல் கெட்ட வற்றல் கிடையாது. மிஞ்சிப்போய்க் கெட்டதுதான் அதிகம். கத்திரி நேரத்தில் மொட்டை மாடித் தளத்தோடு ஒட்டி வைத்தால் தோல் ஒரே நாளில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் புளிக்கத் தொடங்கும். அத்தித் தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அதை உடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஊசியால் குத்தும் யோசனையை விட்டுவிடலாம். குத்திய துளையைப் பழத்தின் பாகே அடைத்துவிடுகிறது. கொதிநீர் முக்கல்தான் சரி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, ஜல்லிக் கரண்டியில் ஒரு தடவைக்கு எட்டுப் பத்துப் பழங்களுக்கு மேல் போடாமல், 30 வினாடி. உடனே குளிர்ந்த நீரில் போட்டு, எடுத்துத் துணியில் ஒற்ற வேண்டும். கூடுதலாகப் போட்டால் கொதி அடங்கி, தோல் வெடிப்பதற்குப் பதில் பழம் வேகும். பளபளப்பு மங்கி, தலைமுடி கனத்தில் கீறல்கள் ஓடியிருந்தால் போதும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் தோல் உரிந்து சாறு சொட்டும்; பிறகு மாடி முழுக்க எறும்பு.

முக்குவதற்கு முன்பே பழத்தின் அடியில் இருக்கும் 'கண்'ணைப் பாருங்கள். அகலத் திறந்திருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ அந்தப் பழம் வேண்டாம். வண்டும் பூஞ்சையும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். காம்பு நறுக்கும்போது வடியும் பால் கையில் பட்டு, அதோடு வெயிலில் நின்றால் தோல் கொப்பளிக்கும். கையுறை போடுங்கள்.

காயவைக்கக் கயிற்றுக் கட்டில், அதன்மேல் வெள்ளை வேட்டி, அதற்கும் மேலே கொசுவலை. காற்று அடியிலும் போக வேண்டும், அதனால்தான் கட்டில். துத்தநாகம் பூசிய கம்பிவலை கூடாது. பழத்தின் அமிலம் அதைத் தின்னும். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பிவரும். டிஹைட்ரேட்டர் (பழம் உலர்த்தும் மின்பெட்டி) வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு மூன்று மணி நேரம் 50 டிகிரி, பிறகு 60. திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். விலை குறைந்த பெட்டிகளில் தட்டுக்குத் தட்டு பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே போட்டுவிடுவது நல்லது.

பதம் பார்க்க விரலைவிடத் தராசு மேல். பச்சை அத்தியில் சுமார் 79 சதவீதம் தண்ணீர். காம்பு நீக்கி 1,900 கிராம் என்றால் கெட்டிப்பொருள் ஏறக்குறைய 400 கிராம். மொத்த எடை 500 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் 20 சதவீதம், அங்கே நிறுத்தலாம். தொட்டுத்தான் பார்ப்பேன் என்றால் ஆறவைத்துத் தொடுங்கள். சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும்.

நிறம் பழுப்பாகத்தான் வரும். கடைப்பழம் சில வெளுப்பாக இருப்பது கந்தகப் புகையால்; ஆஸ்துமாக்காரர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

'காய்ந்தால் சத்து கூடும்' என்கிறார்கள். கூடுவதில்லை, தண்ணீர்தான் போகிறது. 100 கிராம் பச்சைப் பழத்தில் நார் 2.9 கிராம், சர்க்கரை 16. உலர்ந்ததில் நார் 9.8, சர்க்கரை 48. மூன்று மடங்கு, அவ்வளவுதான். வைட்டமின் சி-யோ நேர்மாறு: 2 மில்லிகிராமிலிருந்து 1.2 ஆகக் குறைகிறது. ரத்தம் ஊறும் என்று சொல்லித்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். தலா 20 கிராம் உள்ள உலர்ந்த பழம் இரண்டு சாப்பிட்டால் கிடைக்கும் இரும்பு சுமார் 0.8 மில்லிகிராம், பெண்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது நாளுக்கு 29. கால்சியத்துக்கு நம்ம கேழ்வரகுக் களியே பல மடங்கு முன்னே நிற்கும். அத்தியின் உண்மையான பலம் நார்தான், மலச்சிக்கலுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. இரவு ஊறவைத்தால் அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுங்கள், பொட்டாசியம் அதில் இறங்கியிருக்கும். அதே பொட்டாசியத்தால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அந்த இரண்டு பழத்திலேயே சர்க்கரை 19 கிராம் இருப்பதால் நீரிழிவுக்காரர்களும் கணக்கு வைக்க வேண்டும்.

பழம் வாங்குவது தனித் தலைவலி. நேதாஜி மார்க்கெட்டில் கிடைக்கும் புனே ரகம் வண்டிப் பயணத்துக்காகச் சற்று முன்னதாகப் பறித்தது. பறித்த பிறகு அத்தியில் இனிப்பு ஏறாது. பழம் மரத்திலேயே கழுத்து சாய்ந்து, லேசாகச் சுருங்கிய பிறகு பறித்தால்தான் வற்றல் தேனாக வரும். அதற்குச் சொந்த மரம் வேண்டும். பென்சில் கனத்தில் போத்து வெட்டி நடுவதுதான் அடுத்த திட்டம். செம்மண்ணில் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் நூற்புழுதான் பயம். குழியில் வேப்பம்புண்ணாக்கு தாராளமாகப் போக வேண்டும். சில அத்தி ரகங்களுக்கு மகரந்தம் சேர்க்கக் குளவி வேண்டும்; புனே ரகம் அது இல்லாமலே காய்க்கும் என்பது ஒரு நிம்மதி. மைனாவும் வௌவாலும் தின்னாமல் இருக்கப் பழங்களுக்கு வலைப்பை.

அதற்கு முன் இந்த ஈட்டை முடிக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக நிரப்பி, மூடி, ஏழு முதல் பத்து நாள் தினமும் குலுக்க வேண்டும். உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் பழம் மறுபடி தட்டுக்கு. வெள்ளைப் பொடி தெரிந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். ஈர விரலில் கரைந்தால் அது சர்க்கரை. பஞ்சுபோல் நின்று மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை, ஜாடியோடு போகட்டும். வெயிலில் காய்ந்த பழத்தில் பூச்சி முட்டை இருக்கலாம் என்பதால் கடைசியாக மைனஸ் 18 டிகிரியில் 48 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது. அதற்குப் பதில் ஓவனில் 70 டிகிரியில் அரை மணி நேரம்.